கன்று ஈன்ற பசுவை வீழ்த்தும் பால் சுரம்

திருப்பூருக்கு வடக்கே, 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைந்த நெருப்பெரிச்சல் வட்டாரத்தில், பனியன் கம்பெனி வேலையும் கட்டுத்தறி வேலையும் ஒரே குடும்பத்தில் நடப்பது வழக்கம். வீட்டில் ஒருவர் ஷிப்டுக்குப் போக, மற்றவர் ஓரிரு கலப்பினப் பசுக்களைப் பராமரிக்கிறார். இத்தகைய குடும்பத்துக்கு மூன்றாவது, நான்காவது ஈற்றில் நிற்கும் நல்ல கறவைப் பசு பெரிய சொத்து. பால் சுரம் என்னும் நோய் தாக்குவதும் பெரும்பாலும் இந்தப் பசுவைத்தான். மாலையில் நல்லபடியாகக் கன்று ஈன்று, சீம்பாலும் கறந்த பசு, மறுநாள் விடியும்போது எழ முடியாமல் படுத்துக் கிடக்கும். தக்க நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். கிடைக்காவிட்டால் பாதிக்கு மேற்பட்ட பசுக்கள் இறந்துபோகும்.

இந்த நோயின் காரணத்தைப் புரிந்துகொண்டால், தடுக்கும் வழியும் தானே விளங்கும். மேலும், விவசாயிகள் நல்லது என்று எண்ணிச் செய்யும் ஒரு காரியம் இந்நோய்க்கு வழி வகுப்பதும் தெரிய வரும்.

பெயரில்தான் சுரம்

பால் சுரம், பால் காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் இதில் காய்ச்சல் கிடையாது. ஆரோக்கியமான பசுவின் உடல் வெப்பம் ஏறக்குறைய 101.5 டிகிரி பாரன்ஹீட். பால் சுரம் கண்ட பசுவின் உடல் வெப்பம் பெரும்பாலும் இதற்கும் கீழே இறங்கிவிடும். காதுகளைத் தொட்டால் சில்லென்று இருக்கும். இது கிருமியால் வருவது அன்று. ஒரு மாட்டிலிருந்து மற்றொரு மாட்டுக்குத் தொற்றுவதும் இல்லை. ஆகவே காய்ச்சல் மாத்திரையும் கிருமிக்கொல்லி ஊசியும் இந்நோயைத் தீர்க்கா. அவற்றில் செலவாவது பணம் மட்டுமல்ல. பசுவின் உயிரைக் காக்க வேண்டிய நேரமும் வீணாகிறது.

கன்று ஈன்ற சமயத்தில் இரத்தத்தில் உள்ள கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைந்து போவதே இந்நோய். கால்சியம் எலும்புக்கும் பல்லுக்கும் மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். தசைகள் சுருங்கி விரிவதற்கும், நரம்புகள் செய்தி கடத்துவதற்கும், இதயம் துடிப்பதற்கும் அது இன்றியமையாதது. அது குறையும்போது முதலில் கால் தசை தளரும். அடுத்து வயிற்றின் அசைவு நிற்கும். கடைசியில் இதயம் சோர்ந்துவிடும்.

இரத்தத்தில் எவ்வளவு, மடிக்கு எவ்வளவு?

பசுவின் உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் எலும்பில் தங்கியிருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சொற்பம். இரத்தத்தின் செவ்வணுக்கள் நீங்கிய தெளிந்த நீர்ப்பகுதியில் 100 மில்லி லிட்டருக்கு 9 முதல் 10 மில்லிகிராம் வரை கால்சியம் இருப்பது இயல்பு. 400 கிலோ எடையுள்ள பசுவின் இரத்த ஓட்டத்தில் இருப்பதை எல்லாம் கூட்டினாலும் 2 முதல் 3 கிராம்தான் தேறும்.

சீம்பாலிலோ லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உள்ளது. ஈன்ற முதல் நாளில் 8 லிட்டர் சீம்பால் கறந்தால், 16 கிராம் கால்சியம் உடலை விட்டுப் போகிறது. அதாவது இரத்தத்தில் உள்ள மொத்தக் கால்சியத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் ஒரே நாளில் மடி வழியாக இறங்குகிறது. எடுக்க எடுக்க உடனுக்குடன் நிரப்பினால்தான் பசு நிற்க முடியும்.

இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் காங்கேயம் பசுவுக்கு இந்த நெருக்கடி பெரும்பாலும் வருவதில்லை. மடி பெருத்த கலப்பினப் பசுவுக்கே இது வருகிறது.

நிரப்பும் வேலையைச் செய்வது யார்?

இந்தக் கணக்கைச் சரிபார்ப்பவை ஹார்மோன்கள். சுரப்பிகளிலிருந்து நேரே இரத்தத்தில் கலந்து, உடலின் மற்ற உறுப்புகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் பொருள்களுக்கு ஹார்மோன்கள் என்று பெயர். கால்சியத்தைப் பொறுத்தவரை மூன்று ஹார்மோன்கள் முக்கியமானவை.

முதலாவது, பாராத்தைராய்டு ஹார்மோன். கழுத்துப் பகுதியில் தைராய்டு சுரப்பியை ஒட்டியும் அதன் அருகிலும் உள்ள சிறிய சுரப்பிகளிலிருந்து இது வருகிறது. இந்தச் சுரப்பியை முதலில் கண்டவர் ஆங்கில விஞ்ஞானி ரிச்சர்டு ஓவன். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849ஆம் ஆண்டில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது அவர் இதைக் கண்டார். இரத்தத்தில் கால்சியம் சற்றே குறைந்தாலும் இச்சுரப்பி உணர்ந்துகொள்ளும். உடனே இதன் ஹார்மோன் சிறுநீரில் கால்சியம் வீணாகாதபடி தடுக்கும்; எலும்பிலுள்ள சேமிப்பைக் கரைத்து இரத்தத்தில் விடச் செய்யும்.

இரண்டாவது, வைட்டமின் டி-யிலிருந்து உண்டாகும் ஹார்மோன். வெயில் தோலில் படுவதாலும், வெயிலில் காய்ந்த தட்டுத் தீவனத்தாலும் பசுவுக்கு வைட்டமின் டி கிடைக்கிறது. அது கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் அடைந்தபின் வேலை செய்யும் ஹார்மோனாகிறது. சிறுநீரகத்தில் இந்த மாற்றத்தை நடத்துவதும் பாராத்தைராய்டு ஹார்மோனே. குடலில் உள்ள தீவனத்திலிருந்து கால்சியத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பது இதன் வேலை.

மூன்றாவது, கால்சிடோனின். இது தைராய்டு சுரப்பியிலிருந்து வருகிறது. இரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மிஞ்சினால், எலும்பு கரைவதை நிறுத்தி அளவைக் கீழே இறக்குகிறது.

மனிதருக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் ஒரே நாளில் இவ்வளவு கால்சியத்தை இழக்கும் சோதனை கறவை மாட்டுக்கே வருகிறது.

ஏற்பாடு தவறுவது எதனால்?

சிறுநீரகம் சில நிமிடங்களில் கட்டளையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதனால் மிஞ்சுவது கொஞ்சமே. குடல் முழு அளவில் உறிஞ்சத் தொடங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எலும்பு தன் சேமிப்பைத் தாராளமாக விட இரண்டு நாள் வரை ஆகலாம். பாலோ ஈன்ற உடனேயே இறங்குகிறது. இந்த இடைவெளியில்தான் பசு விழுகிறது. பெரும்பாலும் ஈன்ற 72 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் 24 மணி நேரத்திலேயே நோய் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இந்த இடைவெளியை நீட்டிக்கும் காரணங்கள் சில உண்டு.

வயது: முதல் ஈற்றுக் கிடாரிக்கு எலும்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் கால்சியம் எளிதில் வெளிவரும். ஈற்று ஏற ஏற அந்தச் சுறுசுறுப்பு குறையும். எனவே மூன்றாவது ஈற்றிலிருந்து ஆபத்து அதிகம்.

இனம்: ஜெர்சி இரத்தம் உள்ள பசுக்களின் குடலில் வைட்டமின் டி ஹார்மோனை ஏற்கும் இடங்கள் குறைவு. எனவே ஜெர்சிக் கலப்பினங்களில் இந்நோய் அதிகம்.

சினையின் கடைசியில் மிகுதியான கால்சியம்: விவசாயிகள் நல்லது என்று எண்ணிச் செய்யும் காரியம் இதுதான். கன்று ஈனும் முன்பே கால்சியம் டானிக் பாட்டில் பாட்டிலாகப் புகட்டினால், இரத்தத்தில் தேவை தானே நிறைந்துவிடுகிறது. பாராத்தைராய்டு சுரப்பிக்கு வேலை இல்லை. எலும்பும் குடலும் ஓய்ந்து கிடக்கின்றன. திடீரென மடி கேட்கும்போது அவை விழித்தெழ நேரம் பிடிக்கிறது. கலிபோர்னியாவில் போடா, கோல் என்னும் இருவர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, ஈனும் முன் கால்சியம் குறைந்த தீவனம் தந்தால் பால் சுரம் குறைகிறது என்று காட்டியது. டானிக் கொடுத்தும் மாடு விழுந்துவிட்டதே என்று வருந்துவோர், டானிக் கொடுத்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாம்பல் சத்து மிகுந்த தீவனம்: பொட்டாசியம் என்னும் சாம்பல் சத்து மிகும்போது இரத்தம் சற்றே காரத் தன்மை அடைகிறது. அந்த நிலையில் பாராத்தைராய்டு ஹார்மோனின் கட்டளை எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் சரியாகக் கேட்பதில்லை. நார்வே நாட்டு விஞ்ஞானிகள் 1960களிலும் 1970களிலும் செய்த ஆராய்ச்சிகள் தீவன உப்புகளின் இந்தப் பங்கை வெளிக்கொணர்ந்தன. கட்டுத்தறி கழுவிய தண்ணீரைக் கம்பு நேப்பியர் பாத்திக்கு விடுவது நம் பக்கம் வழக்கம். மாட்டு மூத்திரத்தில் பொட்டாசியம் மிகுதி. அதை உறிஞ்சி வளரும் புல்லிலும் பொட்டாசியம் ஏறிவிடும். கறவையில் உள்ள மாட்டுக்கு அந்தப் புல் நல்ல தீவனமே. ஈனும் தறுவாயில் உள்ள மாட்டுக்குத்தான் அது ஏற்றதல்ல.

மெக்னீசியம் குறைவு: இந்தத் தாது இல்லாவிட்டால் பாராத்தைராய்டு ஹார்மோன் போதிய அளவு சுரப்பதும் இல்லை, சுரந்தது வேலை செய்வதும் இல்லை.

காற்றடித்த காலமும் கால்சியம் வந்த காலமும்

டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் ஷ்மிட் 1897ஆம் ஆண்டில், நோய் மடியிலிருந்து வருகிறது என்று எண்ணி, மடிக்குள் மருந்து செலுத்தினார். பசுக்கள் பிழைத்தன. பின்னர் 1901இல் மருந்தே இல்லாமல் வெறும் காற்றை மடியில் அடைத்தபோதும் பிழைத்தன. மடியில் அழுத்தம் ஏறியதும் பால் ஊறுவது நின்றது. கால்சியம் இழப்பும் நின்றது. இந்த விளக்கம் அன்று தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் டிரையர், கிரெய்க் என்போர் 1925இல் இது கால்சியம் குறைவால் வருவது என்று எடுத்துரைத்தனர். 1935இல் கால்சியம் போரோகுளுக்கோனேட் என்னும் மருந்தை அவர்களே நடைமுறைக்குக் கொண்டு வந்தனர். இன்றும் அதுவே முதன்மையான மருந்து. காற்றடிக்கும் பழைய முறை மடிநோயைக் கொண்டு வருமாதலால் இப்போது கைவிடப்பட்டது. யாரேனும் செய்ய முன்வந்தாலும் அனுமதிக்கக் கூடாது.

அறிகுறிகள்

முதல் நிலை: பசு நின்றுகொண்டிருக்கும். தீவனம் எடுக்காது. தசைகள் நடுங்கும். பின்னங்கால்கள் தள்ளாடும். சிறு ஓசைக்கும் மிரளும். இந்த நிலை சிறிது நேரமே நீடிக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டாம் நிலை: பசு மார்பை ஊன்றிப் படுத்துவிடும். தலையை மடக்கி விலாப்பக்கம் வைத்துக் கொள்ளும். மூக்கு நுனி ஈரமின்றி உலர்ந்திருக்கும். காதுகளும் கால்களும் சில்லிட்டிருக்கும். சாணம் போடாது. அசை போடாது.

மூன்றாம் நிலை: பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிவிடும். வயிறு உப்பும். நினைவு தப்பும். இதயத் துடிப்பு மெலியும். இந்நிலையில் சில மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம்.

டாக்டர் வரும் வரை

முதல் வேலை கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவது. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியையும் கேட்கலாம். கன்று ஈன்ற நேரம், எத்தனையாவது ஈற்று, பசு படுத்திருக்கும் நிலை ஆகிய மூன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அதுவரை பசுவை மார்பை ஊன்றிப் படுக்கும்படி நிமிர்த்தி, இரு பக்கமும் வைக்கோல் அடைத்த சாக்குகளை அண்டக் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் கிடந்தால் வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழலில் புகுந்துவிடும். சிமெண்டுத் தரையாக இருந்தால் தட்டையோ வைக்கோலையோ கனமாகப் பரப்ப வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கம் பல மணி நேரம் கிடந்தால், அடியில் அகப்பட்ட தொடைத் தசையும் நரம்பும் நசுங்கிவிடும். அதன்பின் கால்சியம் ஏற்றினாலும் பசு எழாமல் போகலாம்.

படுத்த பசுவுக்கு வாய்வழியாக எதையும் புகட்டக் கூடாது. விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால், புகட்டியது நுரையீரலுக்குப் போய்ச் சளிச் சுரத்தில் முடியும். சுண்ணாம்புத் தண்ணீர் கொடுத்தால் எழும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் கால்சியம்கூட முழுதாக இல்லை. அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கலக்கிக் கொடுத்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

மருத்துவர் கால்சியம் மருந்தை இரத்தக் குழாயில், உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி, இதயத் துடிப்பைக் கவனித்தபடி மெதுவாக ஏற்றுவார். இதில் அவசரம் கூடாது. வேகமாக ஏற்றினால் அதே கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். பாட்டில் கடையில் கிடைக்கிறது என்று வாங்கி வந்து, பயிற்சி இல்லாதவரைக் கொண்டு ஊசி போடுவது பசுவை இழக்கும் வழி.

மருந்து ஏறும்போதே தசை நடுங்கும், ஏப்பம் விடும், சாணம் போடும். இவை நல்ல அறிகுறிகள். எழுந்துவிட்டது என்று கவனிப்பை நிறுத்தக் கூடாது. ஏற்றிய கால்சியமும் தீர்ந்து, சொந்தச் சுரப்பிகளும் இன்னும் தயாராகாத நிலையில், நான்கில் ஒரு பசு அளவுக்கு அடுத்த இரண்டு நாளில் மீண்டும் விழக்கூடும்.

வருமுன் காக்க

கன்று ஈன 60 நாள் இருக்கும்போது பால் வற்றச் செய்ய வேண்டும். வற்றுக் காலத்தில் பசுவைக் கொழுக்க விடக் கூடாது. கொழுத்த பசு ஈன்றபின் தீவனம் சரியாக எடுக்காது. நோயும் எளிதில் வரும். ஒரு நாளில் சில மணி நேரமாவது வெயிலில் நடக்க விட வேண்டும்.

ஈனுவதற்கு முந்தைய 3 வாரங்கள் மிக முக்கியமானவை. இக்காலத்தில் சோளத்தட்டு, மக்காச்சோளத் தட்டு போன்றவற்றை முதன்மைத் தீவனமாகக் கொடுக்க வேண்டும். குதிரை மசால், அகத்தி ஆகியவற்றில் கால்சியம் மிகுதி. குதிரை மசாலிலும் கட்டுத்தறி நீர் பாய்ந்த நேப்பியர் புல்லிலும் பொட்டாசியம் மிகுதி. இவற்றைக் குறைத்துவிட வேண்டும். தவிடும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் மெக்னீசியத்தைத் தரும். தாது உப்புக் கலவையை வழக்கமான 30 முதல் 50 கிராம் அளவில் தொடரலாம். அதற்கு மேல் தனியாகக் கால்சியம் டானிக் இந்த 3 வாரமும் வேண்டாம்.

முன்பு ஒருமுறை பால் சுரம் கண்ட பசுவுக்கு அடுத்த ஈற்றிலும் வர வாய்ப்பு அதிகம். அத்தகைய பசுவுக்கு இரத்தத்தின் காரத் தன்மையைக் குறைக்கும் நவச்சாரம், பேதி உப்பு போன்ற உப்புகளைக் கடைசி 3 வாரம் தீவனத்தில் சேர்க்கும் முறை உண்டு. அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். இது வேலை செய்கிறதா என்பதை மூத்திரத்தைச் சோதித்து அறியலாம். சாயப்பட்டறைகளில் சாயத் தண்ணீரின் காரம், அமிலம் பார்க்கப் பயன்படும் நிறம் மாறும் தாளே இதற்கும் போதும். சாதாரணமாக 8 அளவில் இருக்கும் எண், 6 முதல் 6.8க்குள் இறங்கினால் உப்பு சரியான அளவில் உள்ளது என்று பொருள். வைட்டமின் டி ஊசியையும் தாமாகப் போடக் கூடாது. அளவு மிஞ்சினால் இரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படிந்துவிடும்.

ஈன்ற அன்று முதல் கால்சியம் தாராளமாகத் தேவை. மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்ட பசு நின்ற நிலையில், நன்றாக விழுங்கக்கூடியதாக இருந்தால், ஈன்றவுடன் ஒருமுறையும் மறுநாள் ஒருமுறையும் மருத்துவர் குறித்துத் தரும் கால்சியம் கூழை வாய்வழி கொடுக்கலாம். முன்பு கெடுதல் செய்த அதே பொருள் இப்போது நன்மை செய்கிறது. கொடுக்கும் நாள்தான் வேறு.

முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்க வேண்டியதில்லை. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் தேவை. அதில் பாதியை இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்கச் செய்ய வேண்டும். கன்றுக்கு வேண்டியதைக் கறந்துகொண்டு, மீதியை மடியில் விட்டு வைக்கலாம். மடிநோய் உள்ள பசுவுக்கு மட்டும் இது பொருந்தாது.

கண்ணுக்குத் தெரியாத நட்டம்

விழாத பசுவெல்லாம் நலமாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது. அமெரிக்காவில் செய்த ஒரு கணக்கெடுப்பில், மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்ட பசுக்களில் ஏறக்குறைய பாதியில், நோய் வெளியே தெரியாமலேயே இரத்தக் கால்சியம் குறைந்திருந்தது. இத்தகைய பசுவில் கருப்பைத் தசை சரியாகச் சுருங்காததால் நஞ்சுக்கொடி தங்கிவிடலாம், கருப்பை வெளித்தள்ளலாம். கறந்தபின் காம்புத் துளை விரைவில் மூடாததால் மடிநோய்க் கிருமி உள்ளே புகலாம். வயிறு மந்தப்பட்டுத் தீவனம் குறையலாம், பாலும் குறையலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து வாங்கும் செலவுக்கு, சினையின் கடைசி 3 வாரக் கவனிப்பு குறைவே தவிர அதிகமில்லை.

நெருப்பெரிச்சல் போன்ற ஊர்களில் வீட்டார் அனைவரும் வேலைக்குப் போகும் நாள் உண்டு. இரவு ஷிப்டும் உண்டு. கன்று ஈனும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பசுவின் சினைக் காலம் ஏறக்குறைய 280 நாள். கருவூட்டல் செய்த தேதியைச் சுவரிலோ காலண்டரிலோ எழுதி வைத்தால், ஈனும் வாரம் தெரிந்துவிடும். அந்த வாரத்தில் ஈன்றபின் மூன்று நாளுக்கு வீட்டில் ஒருவர் மாறி மாறி இருக்கும்படி ஷிப்டை அமைத்துக்கொள்வது நல்லது. இரவில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பசுவின் காதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். காது சில்லென்று இருந்து, மூக்கு நுனியும் உலர்ந்திருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவரை அழைக்க வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பால் சுரம் காய்ச்சல் அன்று. இரத்தக் கால்சியம் குறைவு.
2. ஈனும் முன் 3 வாரம் கால்சியம் டானிக் வேண்டாம். ஈன்ற அன்று முதல் வேண்டும்.
3. கடைசி 3 வாரம் சோளத்தட்டு கூடுதலாகவும், நேப்பியர், குதிரை மசால் குறைவாகவும் கொடுக்க வேண்டும்.
4. முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்கக் கூடாது.
5. படுத்த பசுவுக்கு வாயில் எதையும் புகட்டக் கூடாது. மார்பை ஊன்றிப் படுக்க வைக்க வேண்டும்.
6. ஈன்ற 72 மணி நேரம் இரவும் பகலும் கண்காணிக்க வேண்டும்.